‘நட்கிராக்கர்’ பாலேயை அதன் உடைகளின் வழியே பார்ப்பது எப்படி

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நியூயார்க்கிலும் லண்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பாலே அரங்குகள் ‘நட்கிராக்கர்’ ஒன்றையே வாரக்கணக்கில் மேடையேற்றுகின்றன. அதன் கதை மிகச் சிறியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஒரு சிறுமிக்குக் கொட்டை உடைக்கும் மரப்பொம்மை பரிசாகக் கிடைக்கிறது. நள்ளிரவில் அந்தப் பொம்மை எலிப்படையோடு போரிட்டு வென்று, இளவரசனாக மாறி, பனி பொழியும் காட்டின் வழியே அவளை இனிப்புகளின் நாட்டுக்கு அழைத்துச் செல்கிறது. இரண்டாம் அங்கத்தில் கதை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் நிகழ்வதில்லை. கதையை எதிர்பார்த்து முதன்முறை பார்க்கும் பலர் பாதியில் சலிப்படைவதற்கு இதுவே காரணம். ஆண்டுதோறும் இதே பாலேயைப் பார்க்கப் பாட்டி முதல் பேத்தி வரை குடும்பம் குடும்பமாக வருகிறவர்களோ அந்தப் பழைய நாட்களின் ஏக்கத்தை வெல்வெட்டிலும் சாட்டினிலும் வலைத்துணியிலும் கண்டுகொள்கிறார்கள். அவர்களைப் போல உடைகளைப் பின்தொடர்ந்து இந்தப் பாலேயைப் பார்ப்பது எப்படி என்பதையே இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் எந்த அரங்கேற்றத்தைப் பார்ப்பது என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இசை ஒன்றாக இருந்தாலும் உடைகளும் நடன அமைப்பும் குழுவுக்குக் குழு மாறுபடும். மூல அரங்கேற்றம் 1892 டிசம்பர் 18 அன்று பீட்டர்ஸ்பர்க் நகரின் மரீன்ஸ்கி அரங்கில் நடந்தது. இசை சைக்கோவ்ஸ்கியுடையது, காட்சித் திட்டத்தை வகுத்தவர் மரியஸ் பெட்டிப்பா, அவர் நோயுற்றதால் நடனத்தை அமைத்தவர் லெவ் இவானோவ், உடைகளை வரைந்தவர் ஏகாதிபத்திய அரங்குகளின் இயக்குநராக இருந்த இவான் வ்செவோலோஷ்ஸ்கி. இன்று பார்க்கக் கிடைப்பவற்றுள் இரண்டை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒன்று, ஜார்ஜ் பாலன்சின் 1954இல் நியூயார்க் சிட்டி பாலேவுக்காக அமைத்தது. அதன் உடைகள் பார்பரா கரின்ஸ்கா என்ற பெண்மணியுடையவை. மற்றொன்று, பீட்டர் ரைட் 1984இல் லண்டன் ராயல் பாலேவுக்காக அமைத்தது. அதன் அரங்கையும் உடைகளையும் ஜூலியா ட்ரெவெல்யன் ஓமன் வடிவமைத்தார். முதலாவது கற்பனை வளத்தாலும், இரண்டாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய வீடு ஒன்றை ஒவ்வொரு பொத்தானிலும் மீட்டெடுத்த நுணுக்கத்தாலும் சிறந்தவை. ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால் நான் நியூயார்க்கினதையே சொல்வேன். அதற்கான காரணத்தைப் பின்னால் கூறுகிறேன்.

பார்ப்பதற்கு முந்தைய நாள் இசையை ஒருமுறை முழுமையாகக் கேட்டுவிடுவது நல்லது. இசை முன்பே பழகியிருந்தால்தான், அரங்கில் காது தானாகவே அதைத் தொடர, கண்ணுக்கு உடையைக் கவனிக்கும் ஓய்வு கிடைக்கும். இடைவேளையோடு சேர்த்துப் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும். குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம்.

திரை விலகியதும் முதலில் வருவது விருந்துக் காட்சி. பலர் இதனை நடனம் குறைந்த முன்னுரையாகக் கருதிப் பொறுமையின்றிக் கடத்துவார்கள். உடையைப் பார்க்க வந்தவர்களுக்கு இதைவிட வளமான காட்சி வேறில்லை. சிறுமியின் வீட்டுக்கு விருந்தினர்கள் குளிருக்கான மேலங்கிகளோடும் கம்பளிச் சால்வைகளோடும் வந்து, வாசலில் அவற்றைக் களைந்துவிட்டு, உள்ளே விருந்துடையோடு நுழைகிறார்கள். வெளியே உறைபனி, உள்ளே அடுப்பின் வெம்மை என்பதை ஒரு சொல் இல்லாமல் உணர்த்துவது இந்த உடை மாற்றம்தான். பெண்களின் கவுன்களைப் பாருங்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைக் காட்டும் அரங்கேற்றங்களில் தோளருகே பலூன் போல உப்பி முன்கையில் இறுகும் கைகள், ஒடுங்கிய இடை, கணுக்கால் வரை தொங்கும் மணிவடிவப் பாவாடை, அதை விரித்துப் பிடிக்கும் பல அடுக்கு உள்பாவாடைகள் ஆகியவை இருக்கும். சிறுமிகளின் பாவாடை சற்றே குட்டையாக இருக்கும். அதன் கீழே சரிகைப் பின்னல் வைத்த வெள்ளைக் காற்சட்டையின் ஓரம் எட்டிப்பார்க்கும். பாட்டி தாத்தாவாக வருகிறவர்களின் உடை மட்டும் வேண்டுமென்றே அதற்கு முந்தைய தலைமுறையின் வெட்டில் தைக்கப்பட்டிருப்பதை நல்ல அரங்கேற்றங்களில் காணலாம். அவர்கள் ஆடும் தாத்தா நடனத்தின் மெட்டும் மிகப் பழைய ஜெர்மானிய மெட்டுதான். ஏக்கத்துக்குள் இன்னொரு ஏக்கமாக, 1892இல் அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கும் அது தங்கள் முன்னோர் காலமாகவே தோன்றியிருக்கும்.

இந்தக் காட்சியில் ஒரு மனிதரை மட்டும் விடாமல் கவனியுங்கள். பொம்மைகள் செய்யும் டிராசல்மேயர் பெரும்பாலும் கருநிறமோ ஆழ்ந்த நீலமோ உடைய நீண்ட மேலாடை அணிந்து, ஒரு கண்ணில் கறுப்புப் பட்டையோடு வருவார். வெளிர் வண்ணங்கள் நிறைந்த கூடத்தில் அந்த ஒரே இருண்ட துணி வீசிப் பரவும் இடங்களிலெல்லாம் ஏதோ ஒரு மாயம் தொடங்குகிறது.

விருந்து முடிந்து விளக்குகள் அணைந்த பின், சிறுமி வெண்ணிற இரவு உடையில் தனியாக இறங்கி வருகிறாள். அதுவரை விறைப்பான விருந்துடையில் அடங்கியிருந்த குழந்தை, ஒரு மெல்லிய பருத்தி உடையில், அவிழ்ந்த கூந்தலோடு நிற்கும்போது அவள் எவ்வளவு சிறியவள் என்பது சட்டென்று தெரிகிறது. உடனே கிறிஸ்துமஸ் மரம் வளரத் தொடங்குகிறது. நியூயார்க் அரங்கில் அது 12 அடியிலிருந்து 41 அடிக்கு உயர்ந்துவிடும். மரத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரு நொடியாவது அதனடியில் நிற்கும் அந்த வெள்ளை உடையின் மேல் கண்ணை வையுங்கள். மரம் உயர்கிறதா, அவள்தான் பொம்மையின் அளவுக்குச் சுருங்குகிறாளா என்ற மயக்கம் அப்போதுதான் முழுமையாகும். அடுத்து வரும் எலிப்போரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் அதைத் தாமாகவே ரசிப்பார்கள். ஏழு தலைகளோடும் ஏழு கிரீடங்களோடும் வரும் எலியரசனின் உருவம் ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1816இல் எழுதிய மூலக்கதையிலிருந்தே வருவது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, பாவாடையின் நீளத்தைப் பின்தொடரத் தொடங்குங்கள். இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்தும் ஒரே நுட்பம் இதுதான். வீட்டுக்குள் இருக்கும்வரை பாவாடைகள் கணுக்காலைத் தொடுகின்றன. வீட்டை விட்டு வெளியேறிப் பனிக்காட்டை அடையும்போது, பனித்துகள்களாக ஆடும் பெண்களின் வெண்ணிற வலைத்துணிப் பாவாடை பல அரங்கேற்றங்களில் மேலேறி முழங்காலுக்கு அருகே வந்துவிடுகிறது. இனிப்பு நாட்டின் அரசியான சர்க்கரைத் தேவதை இறுதியில் ஆடும்போது, பாவாடை இடுப்பிலிருந்து கிடைமட்டமாகத் தட்டுப்போல் விரிந்து, கால் முழுவதும் வெளிப்பட்டு நிற்கிறது. மண்ணில் வாழும் மனிதர்களிடமிருந்து கனவில் மட்டும் வாழும் உருவங்கள் வரை செல்லும் பயணத்தை இந்தத் துணியோரம் அளந்து காட்டிக்கொண்டே போகிறது. பாலன்சினின் அமைப்பில் இதனை ஒரே பாத்திரத்திலேயே பார்க்கலாம்: இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் சர்க்கரைத் தேவதை நீண்ட இளஞ்சிவப்பு உடையில் ஒரு தாயைப் போலக் குழந்தைகளை வரவேற்கிறாள், இறுதி இருவர் நடனத்துக்கு வரும்போது குட்டையான வெளிர்பச்சை உடைக்கு மாறிவிடுகிறாள்.

பனிக் காட்சியில் இன்னும் சிறிது நேரம் தங்குவது தகும். 1892இன் புகைப்படங்களில் பனித்துகள் நடனப் பெண்கள் உடையெங்கும் வெண்ணிறப் பஞ்சு உருண்டைகள் தைத்துக்கொண்டு, தலையிலும் அவற்றை ஒளிவட்டம் போல அணிந்து நிற்கிறார்கள். நியூயார்க்கின் நடனப் பெண்கள் இன்றும் கையில் பனியுருண்டைகள் கோத்த சிறு கோல்களை ஏந்தி ஆடுவது அந்தப் பழைய உருவத்தின் எச்சமாகவே எனக்குத் தோன்றுகிறது. மேலிருந்து பொழிவது தீப்பிடிக்காதபடி பக்குவப்படுத்திய காகிதத் துண்டுகள். திரை விழுந்ததும் அவற்றைக் கூட்டி அள்ளி, கொண்டை ஊசிகளும் குப்பையும் நீங்கச் சலித்து, மறுநாளைக்கு எடுத்துவைக்கிறார்கள். திரைக்குப் பின்னிருந்து குழந்தைகளின் குரல்கள் சொற்களின்றிப் பாடத் தொடங்கும் இடத்தில் தனி ஒருத்தியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மொத்த மேடையையும் பாருங்கள். பாவாடைகள் சுழன்று நிற்கும்போது, ஆடுபவர் நின்ற பின்னும் வலைத்துணி அரை நொடி அசைந்து அடங்குவது தெரியும்.

இடைவேளை வரும்போது, அந்த வலைத்துணியின் வரலாற்றை அருகில் இருப்பவருக்குச் சொல்லலாம். நம் தையற்கடைகளில் நெட் துணி என்று கேட்டு வாங்கும் அதே வகைத் துணிதான் பாலே உடைக்கு அடிப்படை. 1832இல் பாரிஸில் மரீ டாக்லியோனி என்ற நடனமணி ஆவியுருவமான பெண்ணாக மேடையேறியபோது அணிந்த மணிவடிவ வெண்பாவாடையே, டூட்டூ எனப்படும் பாலே பாவாடையின் நீள வடிவத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. நுனிக்கால் நடனத்தின் நுட்பம் வளர வளர, காலின் வேலை தெரிவதற்காகப் பாவாடை சிறிது சிறிதாகக் குட்டையாயிற்று. அந்த அழகுக்கு ஒரு கொடிய விலையும் இருந்தது. வாயு விளக்குகள் எரிந்த மேடைகளில் இந்தத் துணி எளிதில் தீப்பற்றியது; பாரிஸின் இளம் நடனமணி எம்மா லிவ்ரி, தீப்பிடிக்காத பக்குவம் துணியின் பொலிவைக் கெடுக்கிறது என்று அதனை மறுத்தவர், 1862இல் ஓர் ஒத்திகையில் உடை தீப்பற்றிப் பல மாதங்கள் துன்புற்று 1863இல் இறந்தார். பழங்கால மேடையை எண்ணி ஏங்கும்போது அவரையும் நினைக்காமல் இருக்க எனக்கு இயலவில்லை.

இரண்டாம் அங்கத்தில் இனிப்புகளும் பானங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நடனமாகின்றன: சாக்லேட்டுக்கு ஸ்பானிய நடனம், காப்பிக்கு அரேபிய நடனம், தேநீருக்குச் சீன நடனம் என்று தொடரும். இங்கே கண்ணை மட்டும் நம்பாமல் சற்றுச் சிந்தித்தும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியர் தாம் காணாத நாட்டு மக்களை எப்படிக் கற்பனை செய்தனர் என்பது இந்த உடைகளில் அப்படியே உறைந்துவிட்டது. மஞ்சள் பூச்சு, தொங்கு மீசை, சுட்டுவிரல் நீட்டிய அசைவு போன்றவை பல பத்தாண்டுகள் கேள்வியின்றித் தொடர்ந்தன. 2017இல் நியூயார்க் சிட்டி பாலே தன் தேநீர் நடனத்தின் ஒப்பனையையும் அசைவுகளையும் திருத்தியது; பிற குழுக்களும் அவ்வழியே சென்றன. பழமையின் மீது அன்பு வைத்திருப்பவர்கள் இந்தத் திருத்தங்களை இழப்பாகக் கருதத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். மூல உடைகளே பலமுறை மாறித்தான் நம்மிடம் வந்திருக்கின்றன. 1944 கிறிஸ்துமஸ் முன்னிரவில் சான் பிரான்சிஸ்கோ பாலே இதனை அமெரிக்காவில் முதன்முறையாக முழுமையாக மேடையேற்றியபோது, போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டுக்கிடையே இளம் வடிவமைப்பாளர் ரஸ்ஸல் ஹார்ட்லி பழைய அரங்கத் திரை ஒன்றின் சிவப்பு வெல்வெட்டை வெட்டி உடை தைக்கவேண்டியிருந்தது.

குழந்தைகள் காத்திருக்கும் உடை ஒன்று இந்த அங்கத்தில் வருகிறது. நியூயார்க் அமைப்பில் மதர் ஜிஞ்சர் என்ற பாத்திரத்தின் பாவாடை 9 அடி அகலமும் சுமார் 38 கிலோ எடையும் கொண்டது. அதை அணிந்து வருபவர் ஓர் ஆண். பாவாடை திறந்ததும் உள்ளிருந்து எட்டுக் குழந்தைகள் ஓடி வருவார்கள். சிரித்து முடித்ததும், குழந்தைகள் மீண்டும் உள்ளே சென்ற பின் பாவாடை நகரும் விதத்தைப் பாருங்கள்: உள்ளே பதினாறு சிறு கால்கள் அதே தாளத்தில் நடந்தாக வேண்டும்.

பல அரங்கேற்றங்களில் இதன் பின்னர், பாலன்சினின் அமைப்பிலோ இந்த அங்கத்தின் தொடக்கத்திலேயே, கண்ணாடி மணிகள் உதிர்வதுபோன்ற ஓர் ஒலி எழும். சைக்கோவ்ஸ்கி பாரிஸில் கேட்டு வியந்து, பிற ரஷ்ய இசையமைப்பாளர்கள் அறியுமுன் கமுக்கமாக வரவழைத்த செலஸ்டா என்ற கருவியின் ஒலி அது. சர்க்கரைத் தேவதையின் தனி நடனத்துக்கு உரியது. எந்த அரங்கேற்றமானாலும், குட்டை டூட்டூவில் அவள் தோன்றும் இடத்தில் கையில் ஒரு சிறு தொலைநோக்கி இருப்பது பயன் தரும். திரையில் பார்ப்பவர்கள் அண்மைக் காட்சி வரும் கணத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

எதைத் தேடுவது? முதலில் மேலுடை. அது ஒரே துணியில் வெட்டியதாக இராது. பல குறுகிய துண்டுகளைச் சேர்த்து உடம்போடு ஒட்டித் தைத்திருப்பார்கள். மூச்சிழுக்கும்போது விலாவெலும்பு விரிய இடம் வேண்டும், ஆனால் கையை உயர்த்தும்போது மேலுடை நகரவும் கூடாது. கரின்ஸ்கா இதற்குச் சில துண்டுகளைத் துணியின் மூலைவாட்டில் வெட்டினார்; நம் ஊர்ப் பெண்கள் கிராஸ் கட்டிங் ரவிக்கை என்று கேட்டுத் தைத்துக்கொள்வதும் இதே நெகிழ்ச்சிக்காகத்தான். மேலுடைக்கும் பாவாடைக்கும் நடுவே இடுப்பைத் தழுவும் ஒரு பட்டை இருக்கும். அதன் கீழே, உள்ளாடை ஒன்றின் மேல் வரிசை வரிசையாகச் சுருக்கித் தைத்த பத்து அல்லது அதற்கும் மேற்பட்ட வலைத்துணி அடுக்குகள். கால் பக்கத்து அடுக்கு மிகக் குறுகியது, மேலே போகப் போக அகலம் கூடும். பல டூட்டூக்களில் நடு அடுக்கு ஒன்றுக்குள் மெல்லிய எஃகு வளையம் ஒன்று செருகப்பட்டிருக்கும். அடுக்குகள் தனித்தனியே பறக்காமல் அங்கங்கே தளர்வான நூல் முடிச்சுகளால் பிணைத்திருப்பார்கள். முதுகில் கொக்கிகள் ஒன்றுக்கு இரண்டு மூன்று வரிசையாக இருக்கும். ஒரே பாத்திரத்தை வெவ்வேறு நாளில் வெவ்வேறு உடலமைப்புள்ளவர்கள் ஆடுவதால் இந்த ஏற்பாடு. பரதநாட்டிய உடையின் விசிறி மடிப்பை அரைமண்டியில் விரியும்போது ரசித்துப் பழகிய கண்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. நம் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர் என்பதையும், பாவ்லோவாவே அவரை இந்திய நடனத்தின் பக்கம் திருப்பினார் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கரின்ஸ்காவின் டூட்டூவை மட்டும் தனியே கவனியுங்கள். வளையம் வைத்த தட்டுகள் நெருங்கி நிற்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சரிகின்றன. 1950இல் அவர் பாலன்சினோடு சேர்ந்து வளையத்தையே நீக்கி, அடுக்குகளைக் குட்டையாக்கி, அவை ஒன்றையொன்று தாங்கும்படி தளர்வாகப் பிணைத்து, பவுடர் பூசும் பஞ்சு போன்ற மென்மையான வடிவத்தை உருவாக்கினார். அடுக்குகளுக்குப் பல நேரங்களில் ஒரே நிறம் தரமாட்டார். அடுத்தடுத்த சாயல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். பூக்களின் வால்ட்ஸ் நடனத்தில் அவர் தைத்த பாவாடைகள் சுழலும்போது மேலிதழும் உள்ளிதழும் போல நிறம் மாறுவதைக் காணலாம்.

நியூயார்க் அரங்கேற்றத்தை முதலில் சொன்னதற்கான காரணம் இப்போது விளங்கும். பாலன்சின் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, மரீன்ஸ்கி மேடையிலேயே இந்தப் பாலேயில் சிறுவனாகவும் இளைஞனாகவும் ஆடியவர். 1924இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். கரின்ஸ்கா 1886இல் கார்கிவில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டை நீங்கி, கற்றிருந்த பூத்தையலைக்கொண்டு பாரிஸிலும் பின்னர் நியூயார்க்கிலும் பிழைப்பை அமைத்துக்கொண்டவர். தங்கள் பிள்ளைப்பருவத்து ஊர்களுக்குத் திரும்ப வழியில்லாத இருவர் 1954இல் அந்தப் பழைய கிறிஸ்துமஸை நூலாலும் நடனத்தாலும் திரும்பக் கட்டினார்கள். அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரியாத இடங்களிலும் கரின்ஸ்கா பூத்தையல் வேலை செய்திருப்பதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் மிக முன்வரிசையைத் தேடிச் செல்ல வேண்டாம். அங்கிருந்து தையல் தெரியும், பனிக் காட்சியின் வடிவங்கள் தெரியாது. முதல் மாடியின் முன்பகுதியும் ஒரு தொலைநோக்கியும் போதும். இயன்றால் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதே அரங்கேற்றத்தைப் பாருங்கள். முதலாண்டில் பார்த்த எலிக்குஞ்சு இரண்டாமாண்டில் விருந்துச் சிறுமியாக வளர்ந்திருப்பாள், உடை மட்டும் இன்னொரு குழந்தையிடம் போயிருக்கும்.

இறுதி வணக்கத்தின்போது கைதட்டிக்கொண்டே தலைகளைப் பாருங்கள்: இரண்டாம் அங்கத்துக்காக உடை மாற்றி வந்தவர்களின் கூந்தலில் பனிக் காட்சியின் காகிதத் துணுக்கு ஒன்றிரண்டு இன்னும் ஒட்டியிருக்கக்கூடும். திரை விழுந்ததும் உடைப்பொறுப்பாளர்கள் மேலுடைகளை உட்புறம் திருப்பி, வியர்வை வாடை போகப் பல அரங்குகளில் வழக்கமாக உள்ளபடி வோட்கா கலந்த நீரைத் தெளித்து உலர்த்துவார்கள். டூட்டூக்கள் தட்டு தொய்ந்துவிடாமல் தலைகீழாகத் தொங்கவிடப்படும். பல குழுக்களின் பழைய உடைகளில் உட்புறம் சிறு துணிப்பட்டைகள் தைத்திருக்கும்; அந்த உடையை முன்பு அணிந்து ஆடியவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மங்கிய மையிலிருந்து புதிய மைவரை, அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.